பழைய பாடலும் புதிய பூச்சும்

பழைய பாடல்களை ரீமிக்ஸ் செய்வது அவற்றை மேம்படுத்துமா, கெடுக்குமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் தமிழர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். ஓர் அணி பழையதைத் தொடவே கூடாது என்கிறது. மற்றையது, இளையோரிடம் பழைய பாடல்களைக் கொண்டு சேர்க்க வேறு வழி ஏது என்று கேட்கிறது. ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு வேலைகளைக் குறிப்பிடுவதால்தான் இந்த விவாதம் முடிவின்றி நீள்கிறது என்பது என் கருத்து.

முதலாவது வேலை, மூல ஒலிநாடாக்களுக்குத் திரும்பிச் சென்று, பதிவான ஒலிகளை மீண்டும் கலப்பது. பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு 1967இல் வெளிவந்தது. அன்றைய கருவியில் நான்கு தடங்களே இருந்தன. இடம் போதாதபோது, பதிந்தவற்றைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, மிஞ்சிய தடங்களில் மேலும் பதிந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிவு சற்றுக் குறைந்தது. 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின், அவ்வாறு மாற்றுவதற்கு முந்திய நாடாக்களைத் தேடியெடுத்து மீண்டும் கலந்தார். அமுங்கிக் கிடந்த ட்ரம்ஸ் ஓசை துலங்கியது. இதை மேம்பாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஏற்கெனவே அங்கிருந்ததையே நமக்குக் கேட்கச் செய்தார்.

தமிழில் நாம் ரீமிக்ஸ் என்று அழைப்பது பெரும்பாலும் இதுவல்ல. 1964இன் 'படகோட்டி'யில் ஒலித்த 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்திலும், 1970இன் 'சொர்க்கம்' தந்த 'பொன்மகள் வந்தாள்' 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்திலும் ஏ.ஆர். ரகுமானின் இசையில் மறுபிறவி எடுத்தன. குரல்களும் தாளக்கட்டும் ஒலிப்பதிவும் புதியவை. மூலப்பதிவில் படிந்த தூசியை இவை துடைக்கவில்லை. ஆகவே இவை மூலத்தை மேம்படுத்தினவா என்று கேட்பதே பொருந்தாது. இவை வேறு பாடல்கள். வேறு பாடல்களாகவே மதிப்பிடப்பட வேண்டும். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் செய்த 'மடை திறந்து' எனக்குப் பிடித்தமானது. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலை அவர்கள் திருத்த முற்படவில்லை. அதன் தோளில் ஏறி நின்று தமது மொழியில் பேசினார்கள்.

தமிழ்த் திரையிசையில் முதலாவது வகை அரிதானதற்குக் காரணமும் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒருங்கே கூடிப் பாடி, வாசித்து, ஒரே ஒலியாகப் பதிந்தார்கள். தனித்தனித் தடங்கள் இல்லாதவிடத்து எதை எடுத்து மீண்டும் கலப்பது? மேலே பூசுவது ஒன்றே வழியாக இருந்தது.

பழையதைத் தொடாதே என்னும் அணியினரிடமும் எனக்கொரு கேள்வி உண்டு. நீங்கள் காக்க நினைப்பது பாடலையா, அதைக் கேட்ட காலத்தையா? 1996இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமான பின்னர், இடம்பெயர்ந்த மக்களால் மல்லாவி நிறைந்திருந்தது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றறியும் கிடையாது. செய்தி சேகரிக்கச் சென்று அங்கு தங்கிய நாட்களில், சைக்கிளை நிறுத்தி வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் கசெற் கேட்டவர்களுடன் இருந்திருக்கிறேன். சுற்றுபவரின் கை சோர்ந்தால் டி.எம். சௌந்தரராஜனின் குரலும் சோர்ந்துபோகும். பின்னர் இருவரும் சேர்ந்தே நிமிர்வார்கள். அந்தத் தள்ளாட்டம் இன்றும் என் காதில் இனிக்கிறது. ஆயினும் அது பாடலின் சிறப்பன்று. எங்கள் வறுமையின் ஒலி. மிதியைச் சுற்றியவர் விரும்பியதெல்லாம் தள்ளாடாத பாடலைக் கேட்கத்தான். நினைவின் மீதுள்ள பற்றை இசையின் தீர்ப்பாக்கிவிடக் கூடாது.

திரைப்பாடல்களைப் பொறுத்தவரை இந்த விவாதம் இரசனையைப் பற்றியது. ரீமிக்ஸ் பிடிக்காதவர் மூலப்பாடலைப் போட்டுக் கேட்கலாம்; அது எங்கும் போய்விடவில்லை. வன்னியின் சொந்தப் பாடல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோவலன் கூத்தும், அருவிவெட்டுப் பாடல்களும், குருவிப் பள்ளும் அண்ணாவிமாரின் குரலில் வீட்டுக் கசெற்றுகளில் பதிவாகின. 2008இல் மல்லாவி மக்கள் கிழக்கு நோக்கி மீண்டும் இடம்பெயர்ந்தபோது கசெற்றுகளையா சுமந்து செல்ல முடியும்? வெளிநாட்டு உறவினருக்கு முன்னரே அனுப்பப்பட்டவற்றில் சில தப்பின.

அப்படித் தப்பியவற்றுள் ஒன்றை அண்மையில் இணையத்தில் கேட்டேன். இரைச்சலை அகற்றும் முயற்சியில் மத்தளத்தின் நாதமும் அகற்றப்பட்டிருந்தது. அண்ணாவியாரின் குரலுக்கு எதிரொலி பூசி, பின்னணியில் கீபோர்டும் சேர்த்திருந்தார்கள். தந்தையின் குரலைப் பலரும் கேட்கவேண்டும் என்ற ஒரு மகனின் ஆசை அது. குறை சொல்ல மனம் வரவில்லை. மூலக் கசெற்றைப் பற்றி விசாரித்தேன். பிரதி எடுத்தபின் எறிந்துவிட்டார்களாம். இனி எக்காலத்திலும் அந்த மத்தளத்தைக் கேட்க இயலாது.

எறியாமல் இருந்திருந்தால் வாய்ப்பிருந்தது. ஜோன் லெனன் எழுபதுகளில் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய ஒரு கசெற்றிலிருந்து குரலைத் தனியே பிரிக்க 1995இல் முயன்று கைவிட்டார்கள். கணினி கற்றுக்கொண்ட புதிய முறையால் அது இயன்று, 2023இல் 'நவ் அண்ட் தென்' பாடலாக வெளிவந்தது. கசெற்றைக் காத்திருந்ததால் கிடைத்த பலன் அது. இன்றைய தொழில்நுட்பத்தால் முடியாததை நாளையது முடிக்கும். ஆனால், அதனிடம் கொடுக்க மூலம் வேண்டும்.

எனவே, ரீமிக்ஸ் செய்யட்டும். தடுப்பதற்கு நாம் யார்? முதலில் கசெற்றில் உள்ளதை உள்ளபடியே, இரைச்சலோடு, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கசெற்றையும் எறியாதீர்கள். பாடியவர், வாசித்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரையில் எழுதி வையுங்கள். புதிதாகச் சேர்த்தது எது என்றும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட பிரிவு, ஒரு பாடலின் மறுபதிப்பை வெளியிடுவோர் அது மறுபதிப்பு என்பதை உறையில் குறிப்பிட வேண்டும் என்கிறது. சட்டம் எட்டாத நமது வீட்டுக் கசெற்றுகளுக்கும் அந்த நேர்மை பொருந்தும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. அதனிடம் ஒரு பிரதி சேரட்டும்.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஓர் அலுமாரியின் அடித்தட்டில் ஊர்க் கசெற் ஏதேனும் கிடந்தால், அதை மெருகூட்டும் எண்ணம் வருமுன் இதைச் செய்துவிடுங்கள். நாடாவின் காந்தப்பூச்சு ஆண்டுக்காண்டு உதிர்ந்துகொண்டிருக்கிறது.