விடை வரியில் இல்லாத வினா

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கு,

முதலில் ஒரு சின்னப் பத்தி. வாய்விட்டே படித்துப் பாருங்கள்.

சிமிளன் காலையில் தொரப்புக்குப் போனான். அங்கே மூன்று பிண்டலிகளைக் கெமிட்டான். பிண்டலிகள் மிகவும் நொசுவாக இருந்தன. ஆகையால் அவற்றை வெம்மாவிடம் கொடுத்தான்.

இனி வினாக்கள். சிமிளன் எங்கே போனான்? எத்தனை பிண்டலிகளைக் கெமிட்டான்? பிண்டலிகள் எப்படி இருந்தன? அவற்றை யாரிடம் கொடுத்தான்? ஏன் கொடுத்தான்?

ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பீர்கள். பிண்டலி காயா, கோழியா, காய்ச்சலா என்று தெரியாமலே வாங்கியிருப்பீர்கள். கடைசியில் இருக்கும் ‘ஏன்’ வினாவுக்குக்கூட, ‘நொசுவாக இருந்ததால்’ என்று மிடுக்காக எழுதிவிட முடிகிறது. அந்தச் சொற்களை நான்தான் இட்டுக்கட்டினேன். எந்த அகராதியிலும் அவை கிடையாது.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறவள் நான். ‘பத்தியைப் படித்து விடை எழுதுக’ என்ற பகுதியில் பிள்ளைகள் பலர் மதிப்பெண் வாங்குவது இந்தச் சிமிளன் வழியில்தான். வினாவில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று விரலை ஓட்டுகிறார்கள். அகப்பட்டதும் அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். பாட வினா விடை இன்னும் எளிது. ஏதாவது ஒரு பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாடத்தின் மேலேயே பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் ‘வி.1’, ‘வி.2’ என்று எழுதியிருக்கும். ‘இங்க ஆரம்பிச்சு இங்க முடி’ என்று டீச்சர் சொல்ல, பிள்ளைகள் குறித்துக்கொண்டது. அதை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் ஒப்பித்துவிட்டால் வேலை முடிந்தது. கைடுகூட வேண்டாம்.

அந்த டீச்சரைக் குறை சொல்லமாட்டேன். வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் வகுப்பறை தயாராகும். அதனால்தான் இந்த மடலைப் பயிற்சி வகுப்பில் நீட்டாமல், பாடநூலும் ஆசிரியர் கையேடும் உருவாகும் இடத்துக்கு எழுதுகிறேன்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்தபோது, கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தின் பள்ளம் எங்கள் கண்முன்னே இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உயிர்மெய் தடுமாறியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒவ்வொரு பிள்ளையையும் அது நிற்கும் இடத்திலிருந்து நகர்த்தியதில் பலன் உண்டு. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்ததுமே, ‘இவன் வாசிக்கிறான்’ என்று பேரேட்டில் ஏற்றிவிடுகிறோம். பார்வைக்கு வரும் அலுவலரும் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ‘வாசி’ என்கிறார். பிள்ளை கடகடவென்று வாசிக்கிறது. ‘வெரி குட், உட்காரு’. என்ன வாசித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றிய அரசின் ‘நிபுண் பாரத்’ 2021இல் மூன்றாம் வகுப்புக்கு வைத்த இலக்கிலும், நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும் என்பதோடு பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. 60ஐ எண்ண முடிகிறது. பொருளை எண்ண முடியவில்லை. ஆகவே எண்ண முடிந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் டோலோரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து, வாசிப்புப் பாடம் நடப்பதை 4,469 நிமிடம் கவனித்து 1978-79இல் எழுதினார். அதில் பொருளுணர்ந்து வாசிப்பது எப்படி என்று ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்தது மொத்தம் 20 நிமிடம். மற்றபடி கேள்வி கேட்டார்கள், விடையைத் திருத்தினார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். புரிந்ததா என்று சோதிப்பதையே கற்பித்தல் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

சரி, கற்பிப்பது என்றால் என்ன செய்வது? என் வகுப்பில் நடப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். கரும்பலகையில் மூன்று வரி எழுதுவேன்.

மழை விட்டதும் அப்பா ஏரிப்பக்கம் போனார். அவர் திரும்பி வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பூனை அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அப்பா என்ன கொண்டுவந்தார்?

முதலில் எல்லா விரலும் வரிகளில் ஓடும். ‘கொண்டுவந்தார்’ என்ற சொல் எங்கேயும் அகப்படாது. ‘டீச்சர், அது பாடத்துலயே இல்ல’ என்று ஒரு குரல் எழும். இல்லைதான், யோசி என்று விட்டுவிட வேண்டும். இந்த இடத்தில் வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வதுதான் ஆசிரியருக்கு உள்ள ஒரே கடினமான வேலை. கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து ‘மீனு!’ என்று கத்தல் வரும். எப்படிச் சொல்ற? ‘பூன ஏன் நகரலயாம்? அதான்.’ பிறகு ஒருத்தி எழுந்து, ‘இல்ல டீச்சர், வெறகு கொண்டாந்திருப்பாரு, அதான் அடுப்பப் பத்த வெச்சாங்க’ என்பாள். அவள் வீட்டில் அப்படித்தான். உடனே இன்னொருவன், ‘மழ பெஞ்சா வெறகு நனஞ்சிருக்குமே, எப்படிப் பத்தும்?’ என்பான். அவளும் விடமாட்டாள்: ‘பூன குளுரு காயக் குந்தியிருக்கும்.’

இந்தச் சண்டைக்காகத்தான் அந்த மூன்று வரியை எழுதினேன். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வரிக்குத் திரும்பிப் போய்த் தங்கள் பக்கத்துக்கு ஆதாரம் தேடுகிறார்கள். ‘மழை விட்டதும்’ என்ற ஒற்றைத் தொடரை அன்றைக்கு அவர்கள் படித்ததுபோல், எந்தப் பாடத்திலும் எந்தத் தொடரையும் படித்ததில்லை. இதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டி.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பிள்ளை பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் இன்னொன்று. கடினச் சொல் என்று நாம் பெட்டிக்குள் போட்டுப் பொருள் தருவது பெயர்ச்சொற்களுக்குத்தான். பிள்ளை உண்மையில் இடறி விழுவது ‘எனினும்’, ‘ஆகவே’, ‘இருப்பினும்’, ‘அன்றி’ ஆகிய சொற்களில். வீட்டில் யாரும் ‘எனினும்’ என்று பேசுவதில்லை. வாசிக்கும்போது அதையும் சரியாக உச்சரித்துவிட்டுக் கடந்துவிடுவதால் நமக்கும் தெரிவதில்லை. நான் செய்வது இது: ‘மழை கொட்டியது. ஆகவே...’ என்று ஓர் அட்டை, ‘மழை கொட்டியது. எனினும்...’ என்று இன்னோர் அட்டை. மீதியைப் பிள்ளைகள் முடிக்க வேண்டும். முதலில் இரண்டுக்கும் ‘பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்’ என்றே வரும். பிறகு இரண்டையும் அவர்கள் பேச்சிலேயே சொல்லிப் பார்க்கச் சொல்வேன். ‘அதனால லீவு விட்டாங்க’, ‘ஆனாலும் லீவு விடல’. லீவு விடாத வருத்தத்தோடு ‘எனினும்’ மனதில் ஏறிவிடுகிறது.

எழுவாய் விஷயமும் உண்டு. தமிழில் ‘சென்றாள்’, ‘பார்த்தார்கள்’ என்று ஆளைச் சொல்லாமலே வரிகள் நீளும். பெரியவர்களுக்கு விகுதியே போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது வரியிலேயே யார் சென்றாள் என்பது நழுவிவிடும். வினைமுற்றிலிருந்து ஆளுக்குப் பென்சிலால் அம்பு போடச் சொன்னால் போதும். எங்கே பிடி விடுகிறது என்று அம்பே காட்டிவிடும். அடைப்புக்குறிக்குப் பழகிய பென்சில்தானே, அம்பும் போடட்டும்.

கேள்வியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவது இன்னொரு வழி. பலின்சார், பிரவுன் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது, விளங்காததைத் தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என நான்கு வேலைகள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராக மாறுவார்கள். அந்தப் பிள்ளைகளின் பொருளுணர்வு நன்றாகவே முன்னேறியது. நம் இரண்டாசிரியர் பள்ளிக்கு இது பொருந்தாதே என்று சொல்பவர்களுக்கு என் பதில், எங்களுக்குத்தான் மிகவும் பொருந்தும் என்பது. நான் நான்காம் வகுப்பைக் கவனிக்கும்போது ஐந்தாம் வகுப்பு என்ன செய்வது என்பதுதானே எங்கள் அன்றாடத் திண்டாட்டம்! ஐந்தைந்து பேராக உட்கார்ந்து, ‘வாசிப்பு இயக்க’த்தின் ‘ஓடு’, ‘பற’ நிலைப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். சத்தம் வரும். பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். வரட்டும். (அந்தப் புத்தகங்கள் பல பள்ளிகளில் கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் பீரோவுக்குள்ளேயே புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன. கிழிந்தால் கணக்குக் கேட்கமாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், சாவி தானாக வெளியே வரும்.)

எதைப் பற்றிய பத்தி என்பதும் முக்கியம். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கும் மெட்ரோ ரயிலில் போகும் பிள்ளைக்கும் ஒரே பத்தியைக் கொடுத்து, இருவரின் ‘வாசிப்புத் திறனை’ ஒரே செயலியில் ஏற்றும்போது நாம் எதை அளக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம். மெட்ரோ பற்றி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பாடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசவும் படம் காட்டவும் கையேட்டில் இடம் கொடுங்கள். ‘பாடப்பகுதி முடிக்கப்பட வேண்டும்’ என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டுவிட்டால், முதலில் வெட்டுப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. பெயர் சூட்டி, இலச்சினை வரைந்து, குறுவள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்துவிடாதீர்கள். செயலியில் புதிதாக ஒரு கட்டமும் வேண்டாம். ஒவ்வொரு பாடத்தின் பயிற்சியிலும், வளரறி மதிப்பீட்டிலும், பருவத் தேர்விலும், விடை எந்த வரியிலும் இல்லாத வினா ஒன்று இருக்கட்டும். ஒன்றே போதும். அதற்குப் பென்சில் அடைப்புக்குறி போட முடியாது என்று தெரிந்ததும், ஆசிரியர்கள் தாமாகவே வேறு வழி பார்ப்பார்கள்.

அதோடு விடைக்குறிப்பிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘காரணம் பத்தியோடு பொருந்தினால் எந்த விடைக்கும் முழு மதிப்பெண் வழங்குக. விடை பேச்சுத்தமிழில் இருந்தாலும் ஏற்கலாம்.’ அப்படி எழுத்தில் இல்லாவிட்டால், விறகு என்று எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழும். அடுத்த முறை அவள் யோசிக்கமாட்டாள்; பக்கத்திலிருப்பவளைப் பார்த்து ‘மீன்’ என்று எழுதிவிடுவாள்.

ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடங்களுக்கு இப்படிப்பட்ட வினாக்களை எழுதி, பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து, அவர்கள் தந்த விடைகளையும் அருகிலேயே குறித்து வைத்திருக்கிறேன். சில வினாக்கள் சரியாக வரவில்லை. அவற்றையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன். வினாத்தாள் குழு அமரும் நாளில் சொல்லியனுப்பினால், நோட்டோடு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து காலையில் முதல் பேருந்து ஆறேகாலுக்கு.

இப்படிக்கு,
தங்கள் பாடநூலை நாள்தோறும் திறக்கும்
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை