எலும்புக்கூடு என்ன விலை?

செத்த வீரனுக்குச் சம்பளம் கிடையாது, பயம் கிடையாது, மறுபடி சாகிறானே என்று நமக்கும் பெரிய வருத்தம் கிடையாது. மாயாஜாலப் போர் விளையாட்டுகளில் எலும்புக்கூட்டுப் படைக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால், அந்தப் படையை நம்பிப் போய்த் தோற்பவர்களும் நிறைய. எங்கே கணக்கு தப்புகிறது?

1999-ல் வந்து இன்றைக்கும் ஆடப்படுகிற ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’-ஐ எடுத்துக்கொள்வோம். சதுரங்கம்போல மாறி மாறி நகர்த்தும் ஆட்டம். இதில் நெக்ரோபோலிஸ் என்கிற பேய் நகரத்தில் ஓர் எலும்புக்கூட்டின் விலை 60 பொற்காசு. உயிர் 6 புள்ளி. ஓர் அடிக்கு 1 முதல் 3 வரை சேதம். எதிர்முகாமின் கறுப்பு டிராகனுக்கோ உயிர் 300, அடி 40 முதல் 50, விலை 4,000 காசு, அதோடு 2 கந்தகம்.

இரு பக்கத் தளபதிகளின் பலத்தையும் ஒதுக்கிவிட்டு, சராசரி அடியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவோம். டிராகனின் தோல் தடிமனால் எலும்புக்கூட்டின் அடி பாதியாகிவிடும். 100 எலும்புக்கூடுகள் சேர்ந்து அடித்தாலும் ஒரு டிராகனின் உயிரில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். டிராகன் ஒரு முறை அடித்தால் 15 எலும்புக்கூடுகள் காலி. படிக்கும்போதே ‘வேஸ்ட்’ என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் 3 டிராகன்களோடு 300 எலும்புக்கூடுகளை மோதவிட்டுப் பாருங்கள். டிராகன்களே முதலில் அடித்தாலும் கடைசியில் எலும்புக்கூடுகள்தான் ஜெயிக்கும். பாதிக்கு மேல் மிஞ்சவும் செய்யும்.

சரி, செலவு? 300 எலும்புக்கூடுகளைக் காசு கொடுத்து வாங்கினால் 18,000. மூன்று டிராகன்களுக்கு 12,000 காசும் 6 கந்தகமும் போதும். கடையில் வாங்கினால் எலும்புக்கூடு மலிவே இல்லை! சண்டையில் ஜெயித்து, விழுந்த எதிரிகளிலிருந்து எழுப்பினால்தான் லாபம். நெக்ரோமேன்சி என்கிற அந்த வித்தை ஆரம்ப நிலையில் 10 சதவிகிதம், தேர்ந்த நிலையில் 30 சதவிகிதம் வரை திருப்பிக் கொடுக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் கையிலிருக்கும் காசை நகரக் கட்டடங்களில் போடுங்கள். எலும்பு தானாக வரும்.

இலவசமாக வந்தாலும் வேறு வகையில் விலை வைத்துவிடும். ஒரு தளபதியிடம் ஏழே இடங்கள்தான். தவிர, படையில் யார் மெதுவோ, அவர் வேகத்தை வைத்துத்தான் மறுநாள் தளபதி எவ்வளவு தூரம் போகலாம் என்பது முடிவாகும். எலும்புக்கூட்டின் வேகம் 4. மாட்டு வண்டிதான். மனிதப் படைக்கு நடுவே இவற்றைச் சேர்த்தால் உயிருள்ளவர்களின் மன உறுதியும் ஒரு புள்ளி இறங்கும். பக்கத்தில் பிணம் நின்றால் யாருக்குத்தான் சண்டை போடத் தோன்றும்?

என் அக்கா பையன் இந்த ஆட்டத்தில் ஒரு வேலை செய்வான். எலும்புக்கூடுகளில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து ஓர் இடத்தில் வைப்பான். “ஒண்ணை வெச்சு என்னடா பண்ணப்போறே?” என்று கேட்டேன். “அடி வாங்கத்தான் மாமா!” என்றான்.

பையன் கெட்டிக்காரன். இந்த ஆட்டத்தில் அடி வாங்கிய படை, ஒரு சுற்றில் ஒரே ஒரு முறைதான் திருப்பி அடிக்கும். எதிரி நம் பக்கம் நெருங்கியதும் எலும்பு டிராகன், குதிரை வீரன் போன்ற வேகமான ஆட்களுக்கு ‘வெயிட்’ கொடுத்துவிட வேண்டும். ஒற்றை எலும்புக்கூடு போய் எதிரியைத் தட்டும், பதில் அடியில் தூளாகும். எதிரியின் பதிலடி அதோடு தீர்ந்தது. பிறகு நம் பெரிய ஆட்கள் ஆசை தீர அடிக்கலாம். 60 காசுப் பொருளுக்கு இதைவிட நல்ல வேலை வேறில்லை. எதிரி ராயல் கிரிஃபினாக இருந்தால் மட்டும் இது பலிக்காது. அது எத்தனை முறை அடித்தாலும் அத்தனை முறையும் திருப்பி அடிக்கும்.

இதே நினைப்போடு 2002-ல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ பக்கம் போனால் அடி நிச்சயம். அங்கே நெக்ரோமேன்சர் ஒரு பிணத்திலிருந்து இரண்டு எலும்புக்கூடுகளை எழுப்புவார். உணவுக் கணக்கில் அவை சேராது. ஆனால் அவை மணிக்கணக்கு வாடகை சைக்கிள் மாதிரி. நேரம் முடிந்ததும் தானாகவே உதிர்ந்துவிடும். மந்திரத்தை முறிக்கும் ஆள் எதிரியிடம் இருந்தால் கூட்டமே ஒரு நொடியில் காலி. அதைவிட மோசம், நம் எலும்புக்கூடுகளைக் கொல்லக் கொல்ல எதிரியின் ஹீரோவுக்கு அனுபவப் புள்ளி ஏறும். முழுசாக இல்லை, பாதிதான். ஆனாலும் பத்து இருபது என்று அனுப்பினால் அவரை நாமே வளர்த்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆகவே வார்கிராஃப்டில் எலும்புக்கூடுகளை முன்கூட்டியே எழுப்பி வைத்துக்கொண்டு ஊர்வலம் போகாதீர்கள். எதிரி கண்ணில் பட்ட பிறகு எழுப்புங்கள். பிணத்துக்கு மீட் வேகன் வண்டியைக் கூடவே ஓட்டிப் போங்கள். எதிர்ப்பக்கத்தில் பிரீஸ்ட் நின்றால் முதல் குறி அவர்மீதுதான்.