எட்டு முதல் எட்டு வரை: இது யாருடைய விருப்பம்?



உங்கள் வீட்டில் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில் முதலில் என்ன கேட்கிறீர்கள்? "லேடி டாக்டர் இருக்கிறாரா? ராத்திரியில் லேடி நர்ஸ் இருப்பாரா?" இதைத்தான் கேட்கிறீர்கள். நானும் இதைத்தான் கேட்டேன். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த நர்ஸ் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார், நேற்றிரவும் இவரே இருந்தாரா என்று நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா?

நான் கேட்டதும் தற்செயலாகத்தான். சென்ற ஆண்டு என் தாயாருக்கு உடல்நலமில்லாமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு இரவுகள் துணைக்கு இருந்தேன். மூன்றாம் நாள் இரவு மூன்றரை மணி இருக்கும். டிரிப்ஸ் மாற்ற வந்த பெண்ணுக்கு வயது இருபத்து மூன்று, இருபத்து நான்குக்கு மேல் இருக்காது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பாய், இதுல இருக்கிற பேரைக் கொஞ்சம் சத்தமா படிங்க" என்றார். படித்தேன். சரியான மருந்துதான். "எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது பாய், அதான் கேட்டேன்" என்றார். "எத்தனை நாளாம்மா ராத்திரி டூட்டி?" என்று கேட்டேன். அன்றைக்கு ஒன்பதாவது இரவு. தினமும் எட்டு மணிக்கு எட்டு மணி. காலை எட்டு என்பதும் பேச்சுக்குத்தான். அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒவ்வொருவராக ஒப்படைத்து, கணக்கெழுதிக் கிளம்ப ஒன்பதாகிவிடும். இஷா தொழுகைக்கு நாம் போகும் நேரத்தில் உள்ளே நுழைந்தவர், நாம் ஃபஜ்ர் தொழுது, பசியாறி, கடை திறக்கும்போதுதான் வெளியே வருகிறார்!

அந்தப் பெண்ணுக்கு அல்லாஹ் நல்லருள் புரிவானாக. தன் கண்ணை நம்ப முடியவில்லை என்று தெரிந்ததும் வெட்கப்படாமல் பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டார். எல்லோரும் கூப்பிடுவார்களா? என் தாயாரின் கட்டிலருகே ஆள் இருந்தது. ஆளில்லாத கட்டில்களுக்கு யார் படித்துச் சொல்வது?

காலையில் நிர்வாகியைப் பார்த்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. "அவங்களே விரும்பித்தான் பாய் பன்னிரண்டு மணி நேரம் வாங்கிக்கிறாங்க. எட்டு மணி நேரமாப் பிரிச்சா நர்ஸுங்களே சண்டைக்கு வருவாங்க. வெளிநாட்டுலயும் இப்படித்தானே?"

இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் கதை

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளமான செவிலியர்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பது உண்மை. அதை விரும்பிக் கேட்டு வாங்குவோரும் உண்டு. ஏன் விரும்புகிறார்கள்? அமெரிக்காவில் அப்படி வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் பொதுவாக மூன்று நாள்தான் பணி. மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு மணி நேரம். மீதி நான்கு நாள் அவர் வீட்டில். அவர் விரும்பியது அந்த நான்கு நாள் ஓய்வை. அதற்கு விலையாகத்தான் பன்னிரண்டு மணி நேரத்தைச் சகித்துக்கொள்கிறார்.

இங்கே? பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு! அமெரிக்காவின் மணிக்கணக்கை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் விடுமுறையை மட்டும் கப்பலில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் நம் முதலாளிமார்கள். இதற்குப் பெயர் வெளிநாட்டு முறையா?

மூன்று நாள் பணியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆன் ரோஜர்ஸ் என்பவர் தம் குழுவினருடன் 393 செவிலியர்களைத் தினமும் குறிப்பெழுத வைத்து ஓர் ஆய்வு செய்தார். 2004-இல் வெளியானது. பன்னிரண்டரை மணி நேரமும் அதற்கு மேலும் நீண்ட ஷிப்டில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. எட்டு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குப் போகும் நம் பெண் அந்தப் பன்னிரண்டரையைத் தினமும் தாண்டுகிறார். இரவுப் பணியோடு சேர்ந்த ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே முடிவைத்தான் உறுதி செய்தது.

பஸ் இல்லாத விருப்பம்

சரி, நம்மூர் நர்ஸ் ஏன் எட்டு மணி நேர ஷிப்டை வேண்டாம் என்கிறார்? இதை நிர்வாகியிடம் கேட்டால் தெரியாது. நர்ஸிடம் கேட்க வேண்டும். கேட்டேன்.

எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட் என்றால் மாலை ஷிப்ட் இரவு ஒன்பது, பத்து மணிக்கு முடியும். பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்க வேண்டும். கடைசி பஸ் போயிருந்தால் ஆட்டோ. அன்றைய கூலியில் பாதி ஆட்டோவுக்கு. வீட்டிலோ, "இந்நேரம் வரை எங்கே இருந்தாய்?" என்ற கேள்வி. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளிச்சத்தில் வீடு திரும்புவதே மேல் என்று அந்தப் பெண் முடிவு செய்கிறார். ஒரு வேன் விட்டால் மாறிப்போகக்கூடிய முடிவு இது. வேனை விடாதவர்களே, "அவர்கள் விருப்பம்" என்கிறார்கள்!

வியாபாரிகளே! இந்தக் கணக்கு உங்களுக்கு எளிதில் புரியும். ஒரு வார்டில் இரவு பகல் எந்நேரமும் இரண்டு நர்ஸ் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 336 மணி நேர வேலை. ஆளுக்கு 48 மணி நேரம் என்றால் ஏழு பேர் தேவை. ஆளுக்கு 72 மணி நேரம் என்றால் ஐந்து பேரே அதிகம். இரண்டு பேர் சம்பளம் முதலாளிக்கு மிச்சம். அந்த இரண்டு பேர் தூக்கமும் மீதி ஐந்து பேர் கண்ணிலிருந்து பிடுங்கப்படுகிறது. அந்தச் சம்பளமாவது உரியபடி இருக்கிறதா? உச்சநீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் விடுப்பும் வாகன வசதியும் அரசு செவிலியருக்கு இணையாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் தெரு நர்ஸிங் ஹோமில் கேட்டுப் பாருங்கள், என்ன தருகிறார்கள் என்று.

2023 ஏப்ரல் நினைவிருக்கிறதா? தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. நம்மவர்களும் கண்டித்தோம். மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் அதே ஏப்ரலில், அதே தமிழகத்தில், எந்த மசோதாவும் இல்லாமலேயே பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருந்த நர்ஸ்களைப் பற்றி ஒரு போஸ்டர் ஒட்டினோமா? இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குக் கூடாதது, குழந்தைக்கு ஊசி போடுபவளுக்குக் கூடுமா?

"ராத்திரி வேலைக்கே அனுப்பாதே!"

இங்கே நம் வீட்டு விஷயத்துக்கும் வரவேண்டும். நம் சமுதாயத்தில் சிலருக்கு இதற்கெல்லாம் ஒரே மருந்து தெரியும். "பெண் பிள்ளையை ராத்திரி வேலைக்கே அனுப்பாதே!" மேடையில் இப்படி முழங்குபவர்களும் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் நள்ளிரவில் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள். அவர் யார் பெற்ற பிள்ளை? நம் பிள்ளை மட்டும் வீட்டில் தூங்க வேண்டும், இன்னொருவர் பிள்ளை நமக்காக விழித்திருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? மஸ்ஜிதுந் நபவியில் கூடாரமிட்டுக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களைப் பற்றி பயானில் நாமே பேசுகிறோம். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் அந்தக் கூடாரத்தில்தான் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். பொழுது சாய்ந்ததும் அந்தக் கூடாரத்தைச் சுருட்டிவிட்டார்களா என்ன?

இதே மருந்தை ஓர் அரசாங்கமும் எழுதிக் கொடுத்துப் பார்த்தது. 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நீண்ட பணிக்கு நடுவே கண்ணயர ஓர் அறையில்லாமல் கருத்தரங்கக் கூடத்தில் படுத்தவர் அவர். சில நாட்களில் மேற்கு வங்க அரசு, இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதைக் கண்டித்தது. இரவில் வேலை செய்யாதே என்று பெண்ணிடம் சொல்ல முடியாது, பாதுகாப்புக் கொடுப்பதுதான் அரசின் கடமை என்றது. நம் மேடை முழக்கக்காரர்கள் இதை ஊன்றிப் படிக்கட்டும்.

அதே கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் இன்னொன்று நடந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, புகையில் தொண்ணூறு பேர் வரை மாண்டார்கள். இரவுப் பணியில் இருந்த கேரளத்து நர்ஸ்கள் இருவர் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, அடுத்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார்கள். நாடே புகழ்ந்தது. ஆனால் அந்த மாதங்களில்தான் கேரளாவின் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் சம்பளத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் தெருவில் நின்றார்கள். இறந்தவர்களுக்கு மாலை, இருப்பவர்களுக்கு மிரட்டல்!

அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. 6-6-12 என்ற முறை அங்கே பேச்சுக்கு வந்தது. காலையில் ஆறு மணி நேரம், பிற்பகலில் ஆறு மணி நேரம், இரவு மட்டும் பன்னிரண்டு. 100 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்த 2021-இல் தொழிலாளர் துறை ஆணையிட்டது. இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைப் பாருங்கள். பிற்பகல் ஷிப்ட் பஸ் ஓடும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் யாரும் தெருவில் நிற்க வேண்டியதில்லை. இரவு நீளம்தான், ஆனால் மற்ற நாட்கள் சுருங்குவதால் மொத்த மணி நேரம் ஏறுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்பவளைக் கேட்டு வைத்த நேரம் இது.

நம் கோரிக்கையும் இதற்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு மணி நேர இரவு தவிர்க்க முடியாது என்றால் தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம், முடிந்ததும் முழு ஓய்வு நாள் வேண்டும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் குறைந்தது 12 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-லேயே பரிந்துரைத்தது. ஒப்படைக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எழுத வேண்டும். நடு இரவில் அரை மணி நேரம் தலைசாய்க்க, உள்ளே தாழ்ப்பாள் போடும் அறை ஒன்று வேண்டும். நேரத்தை மாற்றுவதற்கு முன் நர்ஸ்களையே கூட்டி வைத்து, முதலாளி இல்லாத அறையில் கேட்க வேண்டும்.

இளைஞர்களே, ரத்ததானத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் இரவு பகலாக ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்கள் நீங்கள்தான். அங்கே நர்ஸ்களின் டூட்டி அட்டவணை ஒட்டியிருக்கும். ஒரே பெயர் எத்தனை இரவு வரிசையாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை நிர்வாகியிடம் கேளுங்கள். நர்ஸின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், வேலை போய்விடும்.

நானும் எண்ணினேன். நம் சமுதாயப் பெரியவர்கள் பணம் போட்டு நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில். ஒரே பெயர் பதினொரு இரவு! முதவல்லி என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். "ஹஜ்ரத், அவங்க விருப்பம்தானே" என்று ஆரம்பித்தார். வேன் விட்டுவிட்டு அவர்களிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள் என்றேன். யோசித்து, கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கமிட்டி வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு. நானும் போகிறேன்.