தாளைத் திருப்பிப் பார்க்கட்டும்



ஏ4 தாள் ஒன்றை எடுத்து மூலைவிட்டத்தின் வழியாக மடித்துப் பாருங்கள். ஓரங்கள் சேராது, இரு பக்கமும் துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். இப்போது அதே மடிப்பில் கத்தரித்து, ஒரு துண்டை அரைச்சுற்று சுற்றி மற்றதன் மேல் நகர்த்துங்கள். 210 மி.மீ. பக்கம், 297 மி.மீ. பக்கம், வெட்டிய சாய்வு எல்லாம் முனை பிசகாமல் பொருந்திவிடும்.

“மடிச்சப்போ சேரலையே, இப்ப மட்டும் எப்படிச் சேருது?” என்று ஒரு பிள்ளை கேட்டால், வடிவியல் வகுப்பில் அதைவிட நல்ல கேள்வி இல்லை என்பேன். மடிப்பது எதிரொளிப்பு. இந்த இரு முக்கோணங்களைச் சேர்ப்பதோ 180 பாகைச் சுழற்சி. நகர்த்தியோ, சுழற்றியோ, புரட்டியோ ஏதாவது ஒரு வழியில் பொருந்தினால் போதும், அவை சர்வசமம். இந்த அசைவுகள் எதிலும் நீளமும் கோணமும் மாறுவதில்லை.

நம் பிள்ளைகளோ ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்) என்ற சர்வசம விதிகளின் எழுத்துகளிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்த அசைவுகளைச் சொல்லும் உருமாற்றம் வேறொரு பாடமாக வந்து போகிறது. இரண்டும் ஒரே விஷயம் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சொல்லாவிட்டால், கோ-கோ-கோ ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்டதும் விழிப்பார்கள். கரும்பலகையில் வரையும் பெரிய மர மூலைமட்டத்தையும், பெட்டியில் இருக்கும் சின்ன மூலைமட்டத்தையும் கையில் கொடுங்கள். இரண்டிலும் 30, 60, 90 பாகைதான். எப்படித் திருப்பினாலும் சிறியது பெரியதை மூடாது.

ப-ப-கோ இன்னும் சுவையானது. 30 பாகைக் கோணம் வரைந்து, ஒரு கதிரில் 8 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். அங்கே கவராயத்தின் முள்ளை ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் வில் போடுங்கள். அடுத்த கதிரை அது இரண்டு இடங்களில் வெட்டும். ஒரே அளவுகள், இரண்டு முக்கோணங்கள்! இதை ஒருமுறை வரைந்த பிள்ளை பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

துண்டுகளை மேலே வைத்துப் பார்ப்பது சின்னப் பிள்ளைகளுக்கான சலுகை என்று நினைக்க வேண்டாம். யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ முதல் நூலின் 4ஆம் தேற்றத்தில் ப-கோ-ப விதியை நிறுவியதே ஒரு முக்கோணத்தை மற்றதன் மேல் வைத்துத்தான். அப்படி வைக்கலாம் என்று எந்த அடிகோள் சொல்கிறது என்ற ஆட்சேபம் பின்னால் எழுந்தது. 1899இல் கணிதவியலாளர் ஹில்பர்ட் அந்த விதியின் சாரத்தையே அடிகோளாக எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 2010இல் வந்த பொதுப் பாடத் தரநிலைகள், எட்டாம் வகுப்பில் சர்வசமத்தை நகர்த்தல், சுழற்றல், புரட்டல் என்ற மூன்று அசைவுகளைக் கொண்டே விளக்கச் சொல்கின்றன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு விதிகள் வேண்டாம். பழைய தாளும் கத்தரிக்கோலும் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. எந்த நாற்கரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால், இரு துண்டுகளும் மடித்தாலும் சேரும், அரைச்சுற்று சுற்றினாலும் சேரும்? சதுரம் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். சதுரம் மட்டும்தானா என்று கேளுங்கள். கிடைத்த விடையை, வெட்டிய துண்டுகளோடு எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்