கையைக் கட்ட 100 பவுண்டு

லஞ்சம் கொடுப்பவர்கள் பொதுவாக ரசீது கேட்பதில்லை. இங்கிலாந்து அரண்மனை கேட்டு வாங்கியது. 1820 ஜூனில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற 27 வயது கார்ட்டூனிஸ்டுக்கு 100 பவுண்டு தரப்பட்டது. மன்னர் நான்காம் ஜார்ஜை ஒழுக்கக்கேடான எந்த நிலையிலும் வரைவதில்லை என்று அவர் பதிலுக்கு உறுதி கொடுத்தார். எந்த நிலையில் வரையக் கூடாது என்று இவ்வளவு குறிப்பாகச் சொன்னதிலிருந்தே, மன்னருக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது என்று ஊகிக்கலாம்.

பெருத்த உடல், குடி, கடன், ஆசைநாயகிகள் என்று கார்ட்டூனிஸ்டுகளுக்கு அவர் இளவரசராக இருந்தபோதே வற்றாத சுரங்கம். 1792லேயே ஜேம்ஸ் கில்ரே அவரை வரைந்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, முள்கரண்டியால் பல் குத்தியபடி சாய்ந்திருக்கிறார் இளவரசர். வயிற்றின் மேல் சட்டைப் பொத்தான்கள் திணறுகின்றன. பக்கத்தில், கட்டாத பில்களின் மேல் நிரம்பி வழியும் மூத்திரச் சட்டி. செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய இந்தப் படங்கள் பணக்காரர்கள் வாங்கும் சரக்கு. மற்றவர்கள் கடை ஜன்னலில் ஒட்டியிருந்ததை முண்டியடித்துப் பார்த்தார்கள்.

எழுத்துக்கு இந்தச் சலுகை இல்லை. 1812இல் லீ ஹன்ட் தன் ‘எக்ஸாமினர்’ பத்திரிகையில், ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசரை ஐம்பது வயதுக் குண்டர் என்கிற ரீதியில் எழுதினார். அவருக்கும் அண்ணன் ஜானுக்கும் இரண்டு வருடச் சிறை. ஆளுக்கு 500 பவுண்டு அபராதம். அதே வருடம் குரூக்‌ஷாங்க், வேல்ஸ் இளவரசரைத் திமிங்கிலமாகவே வரைந்தார். (ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பு.) குண்டர் என்றவர்கள் சிறைக்குப் போனார்கள், திமிங்கிலம் என்றவர் வீட்டில் இருந்தார். வழக்குப் போட்டால் அரசு வக்கீல் எழுந்து, படத்திலுள்ள மீன் யார் என்று நீதிபதிக்கு விளக்க வேண்டியிருக்கும்.

விளக்கப் போய் அரசு பட்ட அவமானமும் உண்டு. கிறிஸ்தவ ஜெபங்களின் நடையில் அமைச்சர்களைக் கிண்டலடித்ததாக, ஏழைப் புத்தக வியாபாரி வில்லியம் ஹோன் மீது 1817 டிசம்பரில் தொடர்ந்து மூன்று நாட்கள் மூன்று வழக்குகள் நடந்தன. வக்கீல் வைக்க வசதியில்லாமல் ஹோன் தானே மணிக்கணக்கில் வாதாடினார். அரசுக்கு வேண்டியவர்களே இப்படிக் கிண்டல் எழுதியதை ஆதாரத்தோடு வாசித்துக் காட்டினார். நீதிமன்றம் சிரித்தது. மூன்றிலும் ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

இந்த ஹோனும் குரூக்‌ஷாங்கும் சேர்ந்ததுதான் அரண்மனைக்குத் தலைவலி. 1819 ஆகஸ்ட் 16 அன்று, மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய பல்லாயிரம் பேர் மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். சில மாதங்களில், குழந்தைப் பாட்டு ஒன்றின் மெட்டில் எழுதிய சிறு புத்தகம் வெளிவந்தது. உள்ளே, பதக்கங்களைச் சுமந்து நிற்கும் இளவரசர். படங்களை மரக்கட்டையில் செதுக்கி எழுத்தோடு சேர்த்தே அச்சடித்ததால் விலை ஒரு ஷில்லிங்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் ஓடின. ஜன்னலில் பார்த்தவர்கள் இப்போது வீட்டுக்கே வாங்கிப் போனார்கள்.

அதற்கடுத்த வருடம்தான் அந்த 100 பவுண்டு. பிரிந்து வாழ்ந்த மனைவி கரோலின், ராணி பட்டம் கேட்டு நாடு திரும்பிய நேரம். மன்னர் விவாகரத்துக்கு மசோதா கொண்டுவந்தார். பணம் வாங்கிய குரூக்‌ஷாங்க், சில வாரங்களிலேயே ஹோனுடன் சேர்ந்து அரச தம்பதியின் கல்யாணத்தைப் படிப்படியாகச் சொல்லும் புத்தகம் போட்டார். முதல் படத்தில் இளவரசர் போதையில் நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். கூடவே அட்டையில் செய்த குட்டி ஏணி ஒன்றும் இலவசம். நவம்பரில் அரசு மசோதாவைக் கைவிட்டது.

குரூக்‌ஷாங்கைக் கொள்கை வீரர் என்று கொண்டாடத் தேவையில்லை. மான்செஸ்டர் சம்பவத்துக்குப் பிறகு, சீர்திருத்தக்காரர்களைப் பூதமாகக் காட்டி எதிர்த் தரப்புக்கும் படம் போட்டவர் அவர். கில்ரேகூட 1797 முதல் அரசிடம் ரகசிய பென்ஷன் வாங்கியவர்தான். ஆனால் அரண்மனை செய்த கணக்குதான் தப்பு: ஒரு கையைக் கட்டினால் லண்டனில் இன்னும் எத்தனையோ கைகள் இருந்தன. கட்டிய கையே சும்மா இருக்கவில்லை.

விண்ட்சர் அரண்மனையில் சேர்ந்திருந்த கேலிச்சித்திரங்களில் ஆயிரக்கணக்கானவை 1921இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு விற்கப்பட்டன. குரூக்‌ஷாங்கின் ரசீது மட்டும் விண்ட்சரிலேயே இருக்கிறது.