அட்டைப் பூதத்தின் பக்கம் நின்று

இலக்கிய மலரில் பேய்ப்படக் கட்டுரையா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களை நோக்கியே இதனை எழுதுகின்றோம். மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட விந்தை விலங்குப் படங்களைக் குப்பையென்று ஒதுக்குதல் கற்றோரிடையே ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பூதம் அட்டையால் ஆனது. அதன் முதுகில் தையல் தெரிகின்றது. அஞ்சவேண்டிய இடத்தில் அரங்கம் சிரிக்கின்றது. குற்றச்சாட்டுகள் இவையே. இவற்றுள் ஒன்றையும் நாம் மறுக்கப்போவதில்லை. இக்குற்றங்களாலேயே அப்படங்கள் வாழ்கின்றன என்பதே நம் கட்சி.

சான்றுகளைக் காண்போம். 1956இல் அமெரிக்க இயக்குநர் ராஜர் கார்மன் ‘இட் கான்கர்ட் த வேர்ல்ட்’ என்னும் படத்தை எடுத்தார். வெள்ளிக் கோளிலிருந்து உலகை வெல்ல வரும் உயிரைச் செய்து கொடுத்தவர் பால் பிளைஸ்டெல் என்னும் கைவினைஞர். ஈர்ப்பு மிகுந்த கோளில் உயிர்கள் குட்டையாகவே இருக்கும் என்ற எண்ணத்தால், அகன்று தாழ்ந்த கூம்பு போன்ற உருவம் அமைந்தது. வெள்ளியின் ஈர்ப்பு நம் புவியினும் சற்றுக் குறைவு என்பது வேறு செய்தி! 1958இல் வந்த ‘த பிளாப்’ படத்தில் ஊரையே விழுங்கும் பிண்டம், சாயமேற்றிய சிலிக்கோன் களிதான். 1959இல் வந்த ‘த கில்லர் ஷ்ரூஸ்’ படத்திலோ, நாய்களுக்கு வேடமிட்டு மனிதரைத் தின்னும் மூஞ்சூறுகளாக ஓடவிட்டனர். அக்காலத்தில் பெரும்பொருள் கொட்டி எடுத்த படங்கள் பல பெயரும் தெரியாமல் மறைந்தன. இந்த மூஞ்சூறுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காரணம் என்ன?

குறைபட்ட உருவம் நம்மிடம் உதவி கேட்கின்றது. “என்னால் இவ்வளவே முடிந்தது, எஞ்சியதை நீ நிரப்பு” என்கின்றது. நாமும் நிரப்புகின்றோம். கணினியால் மயிர்க்கால்தோறும் வரைந்து முடிக்கப்பட்ட இன்றைய விலங்கு நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. வியந்துவிட்டு எழுந்து போகின்றோம். தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் துணியே திரையாகின்றது. அதன் பின்னிருந்து மன்னன் வருகின்றான். அது துணி என்பது தெரிந்தே அன்றோ ஊர் விடிய விடிய விழித்திருக்கின்றது?

வறுமையே வழிகாட்டியதும் உண்டு. 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லியூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ படத்தில், இரவில் ஒரு பெண் நீச்சற்குளத்தில் தனியே சிக்கிக்கொள்கின்றாள். விலங்கு அங்கே காட்டப்படவில்லை. நீரொளி அசையும் சுவர், ஒரு நிழல், ஓர் உறுமல்: அவ்வளவே. பொருள் மிகுந்திருந்தால் ஒரு சிறுத்தையை அவிழ்த்துவிட்டிருப்பர். அச்சம் அத்தோடு அகன்றிருக்கும்.

“அஞ்சவேண்டிய இடத்தில் சிரிப்பு வருகின்றதே” என்பார்க்கு நம் நூல்களே விடை கூறும். மெய்ப்பாடு எட்டனுள் நகைக்கும் அச்சத்துக்கும் மருட்கைக்கும் ஒருங்கே இடம் தந்தவர் தொல்காப்பியர். அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அவர் வகுத்த நான்கனுள் அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று. அணங்கையும் விலங்கையும் ஓருருவில் ஒட்டித் தைத்ததே இப்படங்களின் பூதம். நகையும் அச்சமும் ஒரு கலத்தில் கலவா என்பார், கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழட்டு உண்ணும் பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். செயங்கொண்டாரைப் போற்றும் நாவால் அட்டைப் பூதத்தை இகழ்வது எவ்வகை நேர்மை?

நம் நாட்டிலும் இம்மரபு உண்டு. பிரிவினைக்குப்பின் கராச்சியை விட்டு மும்பைக்கு வந்து வானொலிக் கடை நடத்திய ராம்சே குடும்பத்தார் 1970இல் எடுத்த ‘ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ’ படம் ஓடவில்லை. ஆனால் பிருத்விராஜ் கபூர் கோர முகமூடியணிந்து களவுக்கு வரும் காட்சியில் மட்டும் அரங்கம் அதிர்ந்ததை உடன்பிறந்தோர் எழுவரும் குறித்துக்கொண்டனர். எழுதுவது, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று தமக்குள்ளேயே பணிகளைப் பகிர்ந்துகொண்டு 1972இல் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ படத்தை எடுத்தனர். 1984இல் ‘புரானா மந்திர்’ பெருவெற்றி கண்டது. ஊர்விட்டு வந்து, கையில் உள்ளதைக் கொண்டே வாழ்வை அமைத்துக்கொண்ட நமக்கு இவ்வுழைப்பு விளங்காதா? இப்படங்களை இகழ்வோரின் ஏளனம் பூதத்தோடு நிற்பதில்லை. முன்வரிசைக் குறைந்த கட்டண இருக்கையில் அமர்ந்து அதனை விரும்பிப் பார்த்தவர்மேலும் விழுகின்றது.

எல்லாப் படங்களும் நல்லவை என்று நாம் வாதிடவில்லை. பெண்ணின் அலறலையும் ஆடைக்குறைப்பையும் மட்டுமே முதலாக வைத்துப் பிழைத்த படங்கள் இவ்வகையில் மலிந்துள்ளன. சோம்பலை எளிமை என்று விற்றவரும் உண்டு. அவர்களைக் கண்டிப்போம், ஆனால் கண்டிக்கும் காரணம் அவர்களுடைய மனமாக இருக்கட்டும், பணப்பையாக வேண்டா.

இதனை இத்துணை வலியுறுத்தக் காரணம் நம் மக்கட் செல்வங்களே. பளபளப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வளரும் பிள்ளை இன்று அட்டைப் பூதத்தைப் பார்த்து எள்ளி நகைக்கும். நாளை நம் சங்க ஆண்டுவிழா மேடையில் காகித முடி தரித்து வரும் சேரனையும் அதே கண்ணால் பார்க்கும். பின்னர் நாம் எந்த நாடகத்தை, எந்தக் கூத்தை அதன் கையில் ஒப்படைப்போம்? ஆகவே பெற்றோரே, தக்க படமாகத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். தையலைக் கண்டு அவர்கள் சிரிக்கட்டும். அதனைத் தைத்த கை யாருடையது என்றும் கேட்கட்டும். அடுத்த விடுமுறையில் பழைய போர்வையும் பசையும் வண்ணமும் கொண்டு தாமே ஒரு பூதம் செய்யத் தொடங்கினால், தடுக்காதீர்.