பொம்மை என்று சொல்லக்கூடாத பொம்மை

தான் செய்து விற்கும் பொருளின் பெயரைத் தன் விற்பனையாளர்களே உச்சரிக்கக்கூடாது என்று ஒரு நிறுவனம் தடை விதித்ததை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் இயங்கிய ஹாசன்ஃபெல்ட் சகோதரர்கள் நிறுவனம், அதாவது இன்றைய ஹாஸ்ப்ரோ, 1964ஆம் ஆண்டு 'ஜி.ஐ. ஜோ' என்னும் பிளாஸ்டிக் போர்வீரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஓர் அடி உயரம்; கைகால்கள் மடங்கும்படியாக 21 அசையும் பாகங்கள். அதை 'டால்' என்று எவரும் அழைக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் கட்டளை. அச்சொல் பெண்பிள்ளைகளுக்குரியது, அதைக் கேட்ட மாத்திரத்தில் தகப்பன்மார் தங்கள் மகனுக்கு வாங்கித்தர மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம். ஆகவே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதுப்பெயர் புழக்கத்திற்கு வந்தது.

நம் மொழியில் இந்தச் சிக்கல் எழ வழியில்லை. நமக்குக் காரும் பொம்மை, யானையும் பொம்மை, மரப்பாச்சியும் பொம்மை. அந்த மரப்பாச்சியும் ஆணும் பெண்ணுமாக இணையாகவே விற்கப்படும். சொல்லில் இல்லாத பிரிவினையை நாம் கடையில் வைத்துக்கொண்டோம் என்பது வேறு.

உண்மையில் ஜோ என்பவன் யார்? 1959இல் வெளிவந்த பார்பியின் வியாபாரச் சூத்திரத்தை அப்படியே ஆண்பிள்ளைகளுக்கு மாற்றியமைத்ததன் விளைவே அவன். பொம்மையை ஒரு முறை விற்று, அதற்கான உடைகளையும் உபகரணங்களையும் தனித்தனியே மீண்டும் மீண்டும் விற்பது. ஸ்டான் வெஸ்டன் என்பவர் எண்ணத்தைக் கொடுத்தார். டான் லெவின் அதை உருவாக்கினார். ஆக, சிறுவர்கள் தரையில் உட்கார்ந்து அவனுக்குச் சட்டை மாட்டினார்கள், காலணி அணிவித்தார்கள், தலைக்கவசம் சூட்டினார்கள், கழற்றி மறுபடியும் உடுத்தினார்கள். அடுத்த அறையில் தங்கை பார்பிக்குச் செய்ததையே அண்ணன் ஜோவுக்குச் செய்தான். இடையில் நின்றது ஒரு பெயரும், ஜோவின் கன்னத்தில் பதித்த ஒரு தழும்பும் மட்டுமே.

பிற்பாடு இந்தப் பெயர் விவகாரம் நீதிமன்றத்துக்கே போனது. ஹாங்காங்கிலிருந்து இறக்குமதியான சிறிய ஜோக்களைச் சுங்கத்துறை 'டால்' என்ற வகையில் சேர்த்தது. இல்லை, இவை பொம்மைப் போர்வீரர்கள் என்று நிறுவனம் வழக்காடியது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத்துறையின் பக்கமே தீர்ப்பளித்தது: ஜோ ஒரு 'டால்'தான். இருபத்தைந்து ஆண்டுகள் விளம்பரத்தில் மறைத்ததைச் சுங்கவரி வெளியே கொண்டுவந்துவிட்டது!

ஆயினும் என் மனம் இந்தக் கதையில் வேறோர் இடத்தில் தங்கி நிற்கிறது. ஜோவின் தொடக்ககாலச் சாமான்களில் போர்க்கள மருத்துவ உதவியாளனுக்குரிய தொகுப்பும் இருந்தது. தூக்குப்படுக்கை, ஊன்றுகோல், காயங்கட்டும் துணி. துப்பாக்கி தந்த அதே பெட்டிக்குள் கட்டுத்துணியும் இருந்தது. எத்தனை சிறுவர்கள் தங்கள் ஜோவின் தலையில் கட்டுப்போட்டுத் தூக்குப்படுக்கையில் கிடத்தியிருப்பார்கள்! ஆனால் 1967இல் அதே நிறுவனம் ஒரு தாதிப் பொம்மையைக் கொண்டுவந்தபோது அது விலைபோகவில்லை. ஆண்பிள்ளைகள் அதைப் பெண்பொம்மை என்று ஒதுக்கினார்கள்; பெண்பிள்ளைகளோ போர்வீரர் வரிசையில் அதைத் தேடவில்லை. விற்காமல் போனதாலேயே இன்று பழம்பொம்மை சேகரிப்போர் அதைத்தான் ஆவலோடு தேடுகிறார்கள்.

1985இல் ஹாஸ்ப்ரோ இன்னொரு முயற்சி செய்தது. 'மை படி' என்ற பெயரில், மேலாடையும் தொப்பியும் அணிந்த ஒரு சிறுவன் பொம்மை. துப்பாக்கி இல்லை, தழும்பு இல்லை. கட்டியணைத்துத் தோழனாகப் பேணுவதற்கென்றே ஆண்பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. மூன்றாண்டுகளில், அதை நினைவூட்டும் உடையணிந்த ஒரு கொலைகாரப் பொம்மை திரைப்படத்தில் கத்தியோடு வந்தது. ஆண்பிள்ளையின் கையில் அன்பான பொம்மை என்றால் உலகம் சிரிக்கவோ அஞ்சவோ செய்கிறது.

சிப்பாய்ப் பொம்மைகளைக் குப்பையில் எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வியட்நாம் போர் வெறுப்புக்குள்ளானபோது, 1970இல், அந்த நிறுவனமே ஜோவை வீரச்செயல் புரியும் பயணியாக மாற்றிவிட்டது. பொம்மைக்குத் தானாக ஒரு குணம் இல்லை. எனக்குக் கவலையளிப்பது பெரியவர்களின் வெட்கம். "நீ என்ன பெண்பிள்ளையா?" என்று ஐந்து வயதில் மகனின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்குகிறோம். முப்பது வயதில் அவன் தன் பச்சிளங்குழந்தையை ஏந்தத் தெரியாமல் மாமியாரின் முகத்தைப் பார்க்கிறான். அறுபது வயதில் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு ஒரு கரண்டி கஞ்சி ஊட்ட அறியாமல் வாசலில் நிற்கிறான். பிரியமானவர்களே, அந்த வாசலில் நிற்கும் ஆண்களை நான் என் ஊழியத்தில் அடிக்கடி காண்கிறேன். அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். கைகள் பழகவில்லை.

வேதம் இதில் நம்மைவிடத் துணிவுள்ளது. எகிப்தியனை அடித்துக்கொன்ற மோசே, பாலுண்ணும் குழந்தையைச் சுமப்பவனுக்குத் தன்னை ஒப்பிட்டுப் புலம்புகிறான். எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் அதைக் காணலாம். சபையைத் துன்பப்படுத்தித் திரிந்த பவுல், தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பிள்ளைகளைப் பேணும் தாதியாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூசவில்லை. இருவரும் மென்மையான வாழ்க்கை வாழ்ந்தவர்கள் அல்லர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நீங்கள் கொண்டுவரும் பரிசுப் பொட்டலங்களின்மேல் 'ஆண்', 'பெண்' என்று எழுத வேண்டாம். வயதை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பிரித்து வைப்போம். பிள்ளைகளே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.